வார்டு கவுன்சிலர் முதலில் எதைக் கவனிக்க வேண்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உள்ளாட்சித் தேர்தலில் ஜெயித்து வந்தவர்களும் அவர்களுக்கு ஓட்டுப் போட்டவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். மாநகராட்சி, நகரசபை, பிரதேச சபை, ஊராட்சி என்று இடத்துக்கு இடம் பெயரும் அதிகாரமும் மாறும். ஆனால் குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் மக்கள் தேடிப் போகிற முதல் ஆள் எங்கேயும் கவுன்சிலர்தான்.

பதவியேற்றதும் செய்ய வேண்டிய முதல் வேலை எது?

நடப்பது. ஒரு சந்து விடாமல் வார்டு முழுவதையும் நடந்து பார்ப்பது. ஒரு தடவை நடந்தால் போதாது, மூன்று தடவையாவது வேண்டும்: குப்பை வண்டி வருகிற காலை நேரத்தில், இருட்டிய பிறகு, அப்புறம் மழை விட்ட பத்தாவது நிமிடத்தில். ஒவ்வொரு தடவையும் வேறொரு வார்டைப் பார்ப்பீர்கள்.

மழை விட்டதும் சாலையோர வடிகாலின் வாய்ப்பக்கம் போய் நில்லுங்கள். இரும்புச் சட்டத்தின் மேல் சருகும் பாலித்தீன் பையும் பாய் விரித்த மாதிரி ஒட்டிக் கிடக்கும். தண்ணீர் அதுவரை வந்து, கொஞ்சம் தயங்கி, பக்கத்து வீட்டு வாசற்படியைப் பார்த்துத் திரும்பும். சருகைக் காலால் ஒதுக்கினால் கடகடவென்று கொஞ்சம் இறங்கும், மறுபடியும் நின்றுவிடும். நீளமான குச்சி ஒன்றை உள்ளே விட்டால் காரணம் தெரியும். மூன்றடி ஆழ வடிகாலில் இரண்டடிக்கு மண் மூடியிருக்கும். அலுவலகக் கோப்பில் அது மூன்றடி வடிகாலாகவே இருக்கும், தண்ணீருக்குக் கிடைப்பதோ ஓரடி. குச்சியில் சேறு எவ்வளவு உயரத்துக்கு ஒட்டியிருக்கிறது என்று அளந்து, தெருப் பெயரும் தேதியும் போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பதவிக்காலம் முழுக்க உங்களுக்குத் துணையாக வரப்போவது அந்த நோட்டுதான்.

தண்ணீர், சாக்கடை, குப்பை, ரோடு, விளக்கு என்று எல்லாமே அவசரம் என்கிறார்கள். எதற்கு முதலிடம்?

எதைத் தள்ளிப்போட்டால் உயிர் போகுமோ அதற்கு. மூடியில்லாத மேன்ஹோல், அறுந்து தொங்கும் மின்கம்பி, கலங்கலாக வரும் குடிநீர் இந்த மூன்றும் கூட்டம் கூடும் வரை காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே பார்க்க வேண்டியவை.

கலங்கல் தண்ணீரை ஏன் இதில் சேர்த்தேன் என்று சொல்லிவிடுகிறேன். பல ஊர்களில் குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் பக்கத்துப் பக்கத்தில்தான் ஓடுகின்றன. தண்ணீர் விட்டுவிட்டு வருகிற இடங்களில் குழாயில் அழுத்தம் இல்லாத நேரத்தில் சின்ன விரிசல் இருந்தாலும் வெளியே தேங்கியிருக்கிற சாக்கடை உள்ளே கசிந்துவிடும். அடுத்த முறை தண்ணீர் திறக்கும்போது அது நேராக வீட்டுக் குடத்துக்கு வந்துசேரும். ஒரு தெருவில் நாலு வீட்டில் வயிற்றுப்போக்கு என்று கேள்விப்பட்டால் மாத்திரை வாங்கித் தந்தால் மட்டும் போதாது. குழாயையும் தோண்டிப் பார்க்க வேண்டும்.

1854இல் லண்டனின் சோஹோ பகுதியில் காலரா பரவி 600 பேருக்கு மேல் இறந்தார்கள். இறந்தவர்கள் எங்கே தண்ணீர் எடுத்தார்கள் என்று ஜான் ஸ்நோ என்ற மருத்துவர் விசாரித்துப் பார்த்தார். பிராட் தெருவில் இருந்த ஒரு கைப்பம்பையே பதில்கள் காட்டின. செப்டம்பர் 7ஆம் தேதி அந்தப் பகுதியின் உள்ளூர் நிர்வாகக் குழு முன்னால் போய் அதைச் சொன்னார். தண்ணீரால் காலரா பரவும் என்பதை அந்தக் காலத்தில் பெரும்பாலான மருத்துவர்களே ஏற்கவில்லை. ஆனாலும் மறுநாளே பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது. நோய் அதற்கு முன்பே தணியத் தொடங்கியிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பிற்பாடு தோண்டிப் பார்த்தபோது, ஒரு வீட்டின் கழிவுக்குழி அந்தக் கிணற்றை ஒட்டியே கசிந்துகொண்டிருந்தது தெரிந்தது. அந்தக் குழுவில் இருந்தவர்கள் நிபுணர்களல்லாத உள்ளூர்ப் பிரதிநிதிகள். முழு நிரூபணம் கையில் வரும் வரை காத்திருக்காமல், செலவே இல்லாத ஒரு காரியத்தை ஒரே நாளில் செய்தார்கள். கவுன்சிலர் வேலை என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தக் கைப்பிடிதான்.

புதிதாக எதையாவது கட்டினால்தானே மக்கள் நினைவில் வைத்திருப்பார்கள்?

கட்டலாம். ஆனால் ஏற்கெனவே இருப்பது ஓடுகிறதா என்று பார்த்த பிறகு. நான் சொல்ல வருவதில் முக்கியமானது இதுதான். ஒரு வார்டு பெரும்பாலும் பழைய பொருள்களில்தான் வாழ்கிறது. பத்து வருஷத்துக்கு முன் போட்ட குழாய், இருபது வருஷத்துக்கு முன் கட்டிய வடிகால், யாரோ ஒருவர் காலத்தில் நட்ட மரம். இவற்றைப் பராமரிக்கிற வேலைக்குத் திறப்பு விழா கிடையாது, பெயர்ப்பலகை கிடையாது. அதனால்தான் பட்ஜெட்டில் முதலில் கை வைக்கப்படுவதும் அதில்தான்.

ஒரு ரோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் மயிரிழை மாதிரி விரிசல் விடும். அந்த நேரத்தில் அடைத்துவிட்டால் சின்னச் செலவோடு முடிந்துவிடும். விட்டால் மழைநீர் உள்ளே இறங்கி அடித்தளத்தை ஊறவைக்கும், மேலே போகிற லாரி அதை அமுக்கும், தார் பெயர்ந்து பள்ளமாகும். அந்தப் பள்ளத்தில் மறுபடி தண்ணீர். கடைசியில் ரோடு முழுவதையும் புதிதாகப் போடும்படி ஆகிவிடும். அப்படிப் போடும்போதும் பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் மேலே மேலே பூசிக்கொண்டே போனால் தெரு உயர்ந்துகொண்டே போகும், வீடுகள் தாழ்ந்து போகும். அடுத்த மழைக்குத் தண்ணீர் நேராக வீட்டுக்குள். எஸ்டிமேட்டில் ‘பழைய மேற்பரப்பை அகற்றுதல்’ என்ற வரி இருக்கிறதா என்று கவுன்சிலர் கேட்டே ஆக வேண்டும். புதைக்க வேண்டிய குழாய், கேபிள் எல்லாம் புதைத்தாகிவிட்டதா என்பது அதற்கு முன்னால் கேட்க வேண்டியது. புது ரோடு போட்ட மறுமாதமே அதைத் தோண்டுவதைப் பார்க்கும்போது மக்களுக்கு வருகிற கோபம் முழுக்க நியாயமானது.

நம்முடைய பழைய ஆவணம் ஒன்று இங்கே நினைவுக்கு வருகிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், கி.பி. 919ஐயும் 921ஐயும் சேர்ந்தவை. குடவோலை என்றதும் ஓலை போட்டுத் தேர்ந்தெடுத்த முறையைத்தான் எல்லோரும் பேசுகிறோம். எனக்கு அதைவிட வியப்பாக இருப்பது, தேர்ந்தெடுத்தவர்களுக்கு என்ன வேலை கொடுத்தார்கள் என்பது. ஏரி வாரியத்துக்கு 6 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர். ஏரியைப் பார்த்துக்கொள்வதற்கென்றே தனிக் குழு! ஏரி வெட்டியாகிவிட்டது, இனிமேல் என்ன என்று அவர்கள் விட்டுவிடவில்லை. அந்தச் சபையில் நிலமும் வேதக் கல்வியும் உள்ள ஆண்கள் மட்டுமே இடம்பெற முடிந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. யாரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதில் நாம் அவர்களைப் பின்பற்ற முடியாது. எதற்காகத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

ஒரு நாளைக்கு நாற்பது புகார் வருகிறது. எந்த வரிசையில் எடுப்பது?

வந்த வரிசையிலும் எடுக்க வேண்டாம், சத்தம் போட்ட வரிசையிலும் வேண்டாம். எல்லாவற்றையும் தெருவாரியாக ஒரு வரைபடத்தில் குறியுங்கள். காகிதத்தில் புள்ளி வைத்தாலே போதும். இரண்டு மாதத்தில் ஒரு விஷயம் புலப்படும். ஒரே இடத்தில் ஆறு தடவை சாக்கடை அடைத்திருந்தால் அது ஆறு புகார் கிடையாது, ஒரே ஒரு உடைந்த குழாய். ஒவ்வொரு தடவையும் ஆளனுப்பி அடைப்பெடுக்கிற செலவில் அதை மாற்றியே விடலாம்.

அடைப்பெடுக்க மனிதரை உள்ளே இறக்கக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். இதில் அவசரம், விதிவிலக்கு என்று எதுவும் கிடையாது. இயந்திரம் வர ஒரு நாள் ஆகும் என்றால் ஒரு நாள் காத்திருக்கலாம். விஷவாயுவில் ஓர் உயிர் போனால் அதைத் தடுத்திருக்கக் கூடிய முதல் ஆள் அந்த வார்டு கவுன்சிலர்.

வரைபடத்தில் புள்ளியே இல்லாத தெருக்கள் சில இருக்கும். அங்கே எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். அதைப் பற்றி அடுத்த கேள்வியில்.

புகாரே சொல்லாதவர்களின் தேவை எப்படித் தெரியும்?

புகார் கொடுக்கவும் நேரம் வேண்டும், எழுத்து வேண்டும், நம் பேச்சு எடுபடும் என்ற நம்பிக்கையும் வேண்டும். வாடகைக்கு இருப்பவர், வேற்றூரிலிருந்து வேலைக்கு வந்தவர், இரண்டு வேலை பார்க்கும் தாய், படியிறங்க முடியாத பெரியவர், ஓட்டுரிமை இல்லாத குழந்தைகள் எல்லாம் கவுன்சிலர் அலுவலகத்துக்கு வருவதில்லை. வருவதெல்லாம் ஏறக்குறைய அதே இருபது முகங்கள்தான். அவர்களும் நல்லவர்களே, ஆனால் வார்டு அவர்களோடு முடிந்துவிடுவதில்லை.

இந்தியாவில் 1993இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத் திருத்தங்கள் உள்ளாட்சிகளில் மூன்றில் ஒரு பங்கு இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்கின. மேற்கு வங்கத்திலும் ராஜஸ்தானிலும் அதன் விளைவை ராகவேந்திர சட்டோபாத்யாய், எஸ்தர் டுஃப்லோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2004இல் வெளியிட்டார்கள். பெண்கள் தலைமையேற்ற ஊராட்சிகளில், பெண்கள் அதிகம் கேட்கிற வசதிகளுக்குக் கூடுதல் முதலீடு நடந்திருந்தது. குடிநீர் அதில் முதன்மையானது. காரணம் எளிது. குடத்தைத் தூக்கிக்கொண்டு நடப்பவருக்குத்தான் அந்தத் தூரம் எவ்வளவு என்று தெரியும். ஆண் கவுன்சிலருக்கும் இதில் வழி இருக்கிறது: குழாயடிக்கு, பள்ளி வாசலுக்கு, பேருந்து நிறுத்தத்துக்கு நீங்களே போங்கள். “என்ன குறை?” என்று கேட்டால் “ஒண்ணுமில்லை” என்றுதான் பதில் வரும். “நேத்து தண்ணி எத்தனை மணிக்கு வந்துச்சு? எத்தனை குடம் பிடிச்சீங்க?” என்று கேட்டுப் பாருங்கள். அரைமணி நேரம் பேசுவார்கள்.

போக்குவரத்துக்கு என்ன செய்யலாம்? ரோட்டை அகலப்படுத்தச் சொல்கிறார்கள்.

அகலப்படுத்தும் முன் நடப்பவர்களைப் பாருங்கள். வண்டி 30 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவதை 50இல் மோதுவதோடு ஒப்பிட்டால், மோதலின் ஆற்றல் கிட்டத்தட்ட 2.8 மடங்கு கூடுகிறது. வேகம் இருமடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகும் என்று பள்ளியில் படித்த அதே கணக்குதான். நார்வே தலைநகர் ஆஸ்லோவில் 2019ஆம் ஆண்டு முழுவதும் நடந்துபோனவர் ஒருவர்கூட, சைக்கிளில் போனவர் ஒருவர்கூடச் சாலை விபத்தில் சாகவில்லை. வேக வரம்பைக் குறைத்தார்கள், பள்ளிகளைச் சுற்றி வண்டிகளைக் கட்டுப்படுத்தினார்கள், நகர மையத்தில் கார் நிறுத்துமிடங்களை எடுத்தார்கள். உங்கள் வார்டில் பள்ளிக்கூட வாசலில் ஒரு வேகத்தடை, தெளிவான கடவைக் கோடு, இடையில் அறுபடாத நடைபாதை இவற்றிலிருந்து தொடங்கலாம். நடைபாதையின் நடுவில் மின்பெட்டி நின்றால் சக்கர நாற்காலி அங்கேயே நின்றுவிடும். குழந்தை வண்டி தள்ளுகிற தாய் ரோட்டில் இறங்கித்தான் போவார்.

வெள்ளம், வெயில் எல்லாம் கவுன்சிலர் கையிலா இருக்கிறது?

மழை அவர் கையில் இல்லை. மழை விழுகிற தரை அவர் கையில் இருக்கிறது. ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை என்றால் அது ஒரு லிட்டர். ஒரு ஹெக்டேர் இடத்தில் 50 மில்லிமீட்டர் பெய்தால் 5 லட்சம் லிட்டர். மண்ணாக இருந்தால் கணிசமான பங்கை அதுவே குடித்துவிடும். சிமெண்ட் பூசிவிட்டால் ஏறக்குறைய அத்தனையும் ஒரே நேரத்தில் வடிகாலுக்கு ஓடும். பூங்காவுக்குள் முழுக்க டைல்ஸ் ஒட்டுவது, மரத்தைச் சுற்றிக் கழுத்துவரை கான்கிரீட் போடுவது போன்ற ‘அழகுபடுத்தல்’ தீர்மானங்கள் வரும்போது இந்தக் கணக்கை எழுந்து நின்று சொல்லுங்கள்.

டென்மார்க்கின் கோபன்ஹேகனில் 2011 ஜூலை 2 அன்று இரண்டு மணி நேரத்துக்குள் சுமார் 150 மில்லிமீட்டர் கொட்டித் தீர்த்தது. பெரும் சேதம். நகரசபை மறு ஆண்டே மேகவெடிப்பு மழைக்கென்று தனித் திட்டம் போட்டது. குழாயை மட்டும் பெரிதாக்காமல், பூங்காக்களையும் திடல்களையும் தாழ்வாக அமைத்து, மழை நாளில் தண்ணீர் தேங்கவும் மற்ற நாளில் பிள்ளைகள் விளையாடவும் இடமாக்கினார்கள். குளமும் ஊருணியும் வெட்டி வைத்தவர்களின் வழிவந்த நமக்கு இது அந்நியமான யோசனை இல்லை.

வெயில் அமைதியாகக் கொல்லும். 1995 ஜூலையில் அமெரிக்காவின் சிகாகோவில் சில நாள் வெப்ப அலையில் 700 பேருக்கு மேல் இறந்தார்கள், அவர்களில் நிறையப் பேர் தனியாக வாழ்ந்த முதியவர்கள். கதவைத் தட்ட ஆள் இல்லாததே பலருக்கு எமனாயிற்று. அகமதாபாத்தில் 2010 மே மாத வெப்பத்தில் வழக்கத்தைவிட ஆயிரத்துக்கும் மேற்பட்ட கூடுதல் சாவுகள். அங்குள்ள மாநகராட்சி 2013இல் வெப்பச் செயல்திட்டம் கொண்டுவந்தது: முன்னெச்சரிக்கை, குடிநீர், மருத்துவப் பணியாளர்களுக்குப் பயிற்சி. ஒரு வார்டு அளவில் தேவைப்படுவது ஒரு பட்டியல்தான், தனியாக இருக்கும் முதியவர்கள் யார், யார் அவர்களைத் தினமும் போய்ப் பார்ப்பார் என்று. கோடைக்கு முன்பே அது தயாராக இருக்க வேண்டும்.

கொசுவும் இதில் சேர்த்தி. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறப்பதற்கு ஒரு வாரம், பத்து நாள் போதும். அதனால் தேங்கிய தண்ணீரை வாரம் ஒரு தடவை கவிழ்க்க வேண்டும். மாதம் ஒரு தடவை புகையடித்துவிட்டுப் போனால் இடையில் புதுக் கொசுக்கள் பலமுறை பறந்துவிடும்.

பட்ஜெட் புத்தகம் புரியவில்லை. எங்கே தொடங்குவது?

போன வருஷப் புத்தகத்தில் தொடங்குங்கள். ஒதுக்கியது எவ்வளவு, செலவானது எவ்வளவு என்று இரண்டு பத்திகளை அருகருகே வைத்தால் நகரசபையின் உண்மையான முன்னுரிமை எது என்று தெரிந்துவிடும். வடிகால் தூர்வார ஒதுக்கிய தொகை செலவாகாமல் திரும்பிப் போயிருந்தால், ஏன் என்று கேட்பது உங்கள் முதல் கேள்வி. புதுக் கட்டடத்துக்கான தீர்மானம் வரும்போது, அதை ஓட்ட வருஷம் எவ்வளவு ஆகும், அந்தப் பணம் எந்தத் தலைப்பில் வரும் என்பது இரண்டாவது. ஆள் இல்லாமல் பூட்டிக் கிடக்கும் கழிப்பறைகளும் நூலகங்களும் இந்தக் கேள்வி கேட்கப்படாமல் கட்டப்பட்டவை.

மக்களையும் உட்கார வைக்கலாம். பிரேசில் நாட்டின் போர்ட்டோ அலெக்ரி நகரில் 1989இல் பங்கேற்பு பட்ஜெட் தொடங்கினார்கள். பகுதி பகுதியாக மக்கள் கூடி, தங்களுக்கு எது முதலில் வேண்டும் என்று வரிசைப்படுத்தினார்கள். ஏழைப் பகுதிகள் கேட்டது பெரும்பாலும் குடிநீர், கழிவுநீர் இணைப்பு, தார் போட்ட தெரு. பிறகு பாரிஸ், நியூயார்க் என்று உலகமெங்கும் அந்த முறை பரவியது. உங்கள் மன்றத்தில் அப்படி ஒரு ஏற்பாடு இல்லாவிட்டாலும், உங்கள் வார்டு நிதிக்கு மட்டுமாவது தெருக்கூட்டம் போட்டு வரிசை கேட்கலாம், யாரும் தடுக்க மாட்டார்கள்.

சான்றிதழ், சிபாரிசு, கல்யாணம், காரியம் என்றே நாள் போகிறதே?

போகத்தான் செய்யும். அதையும் தட்டிக் கழிக்க வேண்டாம், துக்க வீட்டுக்குப் போய் நிற்பதும் இந்த வேலையில் சேர்ந்ததுதான். ஆனால் ஒரே சான்றிதழுக்கு முப்பது பேர் சிபாரிசு கேட்டு வந்தால் அந்தக் கவுன்ட்டரில் ஏதோ கோளாறு. முப்பது போன் போடுவதைவிட மன்றத்தில் ஒரு தடவை கேள்வி எழுப்புங்கள்.

“அது என் அதிகாரத்தில் இல்லை” என்று சொல்ல வேண்டிய நிலை வந்தால்?

யார் அதிகாரத்தில் இருக்கிறது என்று கண்டுபிடித்து, எழுத்தில் கேட்டு, பதிலை மக்களிடம் காட்டுங்கள். அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரில் நிர்வாகப் பொறுப்பு மாநில அரசு நியமித்த அதிகாரியிடம் போயிருந்தது. 2014 ஏப்ரலில், அதுவரை டெட்ராய்ட் நகரிலிருந்து வந்த குடிநீரை நிறுத்தி உள்ளூர் ஆற்றுக்கு மாற்றினார்கள். அரிப்பைத் தடுக்கும் ரசாயனம் சேர்க்காததால் பழைய குழாய்களின் ஈயம் தண்ணீரில் கலந்தது. பழுப்புத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு வந்த மக்களிடம் ஒன்றுமில்லை என்றே சொல்லிவந்தார்கள். 2015 மார்ச்சில் நகரசபை 7க்கு 1 என்ற கணக்கில், பழைய டெட்ராய்ட் தண்ணீருக்கே திரும்ப வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அந்தத் தீர்மானத்துக்குச் சட்ட வலு இல்லை, அதிகாரி ஏற்கவில்லை. ஆனால் அக்டோபரில் தண்ணீர் டெட்ராய்ட்டுக்கே திரும்பியது. அதிகாரம் இல்லாத மன்றம் சரியான பக்கத்தில் நின்றது பதிவில் இருக்கிறது. நடுவில் போன ஏழு மாதங்களில் பிள்ளைகள் அந்தத் தண்ணீரைக் குடித்தார்கள் என்பதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

கட்சி ஒன்று சொல்கிறது, வார்டு ஒன்று கேட்கிறது. எந்தப் பக்கம்?

குடிநீரிலும் சாக்கடையிலும் வார்டு பக்கம். மற்றவற்றை உட்கார்ந்து பேசலாம்.

உறவினர் எடுத்த டெண்டர் பற்றித் தீர்மானம் வருகிறது. என்ன செய்வது?

முன்கூட்டியே சொல்லிவிட்டு வெளியே போய்விடுங்கள். விவாதத்திலும் வேண்டாம், ஓட்டிலும் வேண்டாம். உத்திரமேரூரில் வாரியப் பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி நிற்க முடியாது, அவருடைய நெருங்கிய உறவினர்களும் நிற்க முடியாது. ஆயிரம் வருஷத்துக்கு முன்பே இதைக் கல்லில் வெட்ட வேண்டியிருந்திருக்கிறது.

வாக்காளராக நான் என் கவுன்சிலரிடம் என்ன கேட்கலாம்?

பெரிய கேள்வி வேண்டாம். எங்கள் தெரு வடிகாலைக் கடைசியாக எப்போது தூர்வாரினார்கள், எடுத்த மண்ணை எங்கே கொட்டினார்கள் என்று கேளுங்கள். (கரையிலேயே குவித்துவிட்டுப் போனால் அடுத்த மழையில் அது உள்ளே திரும்பிவிடும்.) போன மாதம் மன்றக் கூட்டத்தில் நம் வார்டைப் பற்றி என்ன பேசினீர்கள் என்று கேளுங்கள். நல்லது நடந்தால் அதையும் போய்ச் சொல்லுங்கள். அடைப்பெடுத்த மறுநாள் நன்றி சொல்ல யாரும் வருவதில்லை.

பதவிக்காலம் முடியும்போது எதை விட்டுச் செல்ல வேண்டும்?

அந்த நோட்டை. எந்தக் குழாய் எந்த வருஷம் மாற்றியது, எந்த மூலையில் முதலில் தண்ணீர் நிற்கும், வால்வு எந்தக் கல்லுக்கு அடியில் இருக்கிறது, எந்த வீட்டில் தனியாக ஒரு பாட்டி இருக்கிறார் என்பதெல்லாம் அலுவலகக் கோப்பில் இருக்காது. அடுத்து வருபவர் எதிர்க்கட்சிக்காரராக இருந்தாலும் ஒரு சாயங்காலம் அவரைக் கூட்டிக்கொண்டு வார்டைச் சுற்றி வாருங்கள். குச்சியை எங்கே விட்டுப் பார்க்க வேண்டும் என்று காட்டுங்கள்.